மன்னிப்பு கிடைத்ததா? விடை தேடிய ஜான் வெஸ்லி

செய்த பாவத்துக்கு மன்னிப்பு கிடைத்துவிட்டது என்பதை ஒருவர் உயிரோடு இருக்கும்போதே அறிந்துகொள்ள முடியுமா? அப்படி மன்னிப்பு பெற்றவர் மறுபடியும் பாவம் செய்வாரா?

கிறிஸ்தவ உலகில் பல நூறு ஆண்டுகளாக நடந்து வரும் வாதம் இது. இந்த இரண்டு கேள்விகளையும் நெஞ்சில் சுமந்துகொண்டு, 50 ஆண்டுகளுக்கு மேல் குதிரையிலும் வண்டியிலும் ஊர் ஊராகச் சென்றவர் இங்கிலாந்து நாட்டு பாதிரியார் ஜான் வெஸ்லி. மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபை தோன்றக் காரணமாக இருந்தவர் அவர்தான்.

மற்றவர்களுக்கு அவர் தைரியமாக வழி சொன்னார். தன் விஷயத்தில் அவருக்கு அது அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை.

தீயில் தப்பிய சிறுவன்

இங்கிலாந்தில் லிங்கன்ஷயர் பகுதியில் எப்வொர்த் என்று ஓர் ஊர். அங்கே 1703-ம் ஆண்டு ஜூன் மாதம் ஜான் வெஸ்லி பிறந்தார். தந்தை சாமுவேல் வெஸ்லி, அந்த ஊர் ஆலயத்தின் குருவானவர். தாயார் பெயர் சூசன்னா.

சூசன்னாவுக்கு 19 பிள்ளைகள். அவர்களில் பலர் குழந்தைப் பருவத்திலேயே இறந்து போனார்கள். ஜான் 15-வது பிள்ளை.

1709-ம் ஆண்டு பிப்ரவரி 9-ந்தேதி இரவு குருவானவரின் கூரை வீடு தீப்பற்றிக்கொண்டது. எல்லோரும் தப்பி வெளியே ஓடி வந்துவிட்டார்கள். எண்ணிப் பார்த்தபோது ஒரு பிள்ளையைக் காணவில்லை. ஜான் மாடியில் சிக்கிக்கொண்டான். அப்போது அவனுக்கு வயது 5.

ஏணி கொண்டுவர நேரம் இல்லை. ஒருவர் தோள் மீது இன்னொருவர் ஏறி நின்று, ஜன்னல் வழியாக சிறுவனைத் தூக்கினார். அடுத்த நொடி கூரை இடிந்து விழுந்தது.

கடவுள் இந்தப் பிள்ளையை ஏதோ ஒரு காரியத்துக்காகத்தான் காப்பாற்றி இருக்கிறார் என்று தாயார் நம்பினார். அவனுடைய ஆத்துமாவைப் பற்றித் தனிக் கவனம் எடுத்துக்கொள்வது என்று உறுதி செய்துகொண்டார்.

தரங்கம்பாடி செய்தி

அந்தத் தாயாருக்கு வழி காட்டியது, நம் சோழமண்டலக் கடற்கரையில் இருந்து போன ஒரு செய்தி.

டென்மார்க் மன்னர் அனுப்பிய சீகன்பால்க், புளூட்சோ ஆகிய இரண்டு ஜெர்மன் பாதிரியார்கள் 1706-ம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். தமிழர்கள் நடுவே அவர்கள் செய்த பணி பற்றிய விவரம் ஆங்கிலத்தில் புத்தகமாக வெளிவந்தது. 1712-ம் ஆண்டு அந்தப் புத்தகம் சூசன்னாவின் கைக்குக் கிடைத்தது. கணவர் அப்போது சபைப் பணியாக லண்டன் போயிருந்தார்.

சூசன்னா அதைப் படித்து மிகவும் உள்ளம் உருகினார். கடல் கடந்து போக தன்னால் முடியாது. தன் வீட்டில், தன் பிள்ளைகளுக்கு என்ன செய்யலாம் என்று யோசித்தார். வாரத்தில் ஒவ்வொரு நாள் மாலையும் ஒரு பிள்ளையைத் தனியே உட்கார வைத்து, அதன் ஆத்துமா நலன் குறித்துப் பேசுவது என்று முடிவு செய்தார். வியாழக்கிழமை ஜானுக்கு உரிய நாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அந்த வீட்டு ஜெபத்துக்கு ஊர் மக்களும் வரத் தொடங்கினார்கள். சுமார் 200 பேர் கூடிய நாளும் உண்டு.

ஜான் வளர்ந்து, ஆக்ஸ்போர்டில் பட்டம் பெற்று, ஆசிரியர் ஆன பிறகும் அந்த வியாழக்கிழமையை மறக்கவில்லை. அந்த நேரத்தில் தன்னை நினைத்துக்கொள்ளுமாறு தாயாருக்குக் கடிதம் எழுதிக் கேட்டுக்கொண்டார்.

முறை தவறாத வாழ்க்கை

ஆக்ஸ்போர்டில் ஜானும் தம்பி சார்லசும் சில மாணவர்களும் ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். புதன், வெள்ளிக்கிழமைகளில் உபவாசம் இருந்தார்கள். ஜெயிலுக்குப் போய்க் கைதிகளைப் பார்த்தார்கள். ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். நேரத்துக்கு எழுவது, நேரத்துக்கு ஜெபிப்பது என்று எல்லாவற்றுக்கும் ஒரு முறை வைத்திருந்தார்கள்.

மற்ற மாணவர்கள் இதைப் பார்த்துக் கேலி செய்தார்கள். முறைக்காரர்கள் என்ற பொருளில் மெதடிஸ்ட் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அந்தக் கேலிப் பெயரே பிறகு சபையின் பெயர் ஆயிற்று.

ஜானின் மனதில் மட்டும் அமைதி இல்லை. எவ்வளவு செய்தாலும் கடவுள் தன்னை ஏற்றுக்கொண்டாரா என்பது தெரியவில்லை. கணக்குப் புத்தகத்தில் வரவு எழுதிக்கொண்டே போய், கடன் அடைந்ததா இல்லையா என்று தெரியாமல் தவிப்பவர் போல அவர் இருந்தார்.

கப்பலில் புயல்

1735-ம் ஆண்டு அமெரிக்காவில் உள்ள ஜார்ஜியாவுக்குப் பாதிரியாராகப் புறப்பட்டார். அதே கப்பலில் மொரேவியர் என்ற சபையைச் சேர்ந்த ஜெர்மானியர்கள் குடும்பத்தோடு பயணம் செய்தார்கள்.

1736-ம் ஆண்டு ஜனவரி 25-ந்தேதி நடுக்கடலில் பெரும் புயல் அடித்தது. பாய்மரத் துணி கிழிந்தது. அலை கப்பலை மூடியது. ஆங்கிலேயர்கள் அலறினார்கள். ஜெர்மானியர்களோ பாடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தவில்லை.

புயல் ஓய்ந்தபின் வெஸ்லி அவர்களில் ஒருவரிடம் போய், பயம் இல்லையா என்று விசாரித்தார். தனக்கு மட்டும் அல்ல, பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும்கூட சாவுக்குப் பயம் இல்லை என்று பதில் வந்தது. வெஸ்லி வெட்கப்பட்டார். பாதிரியாரான தான் நடுங்கியது அவருக்கே தெரியும்.

கரை சேர்ந்ததும் மொரேவியர்களின் தலைவர் ஸ்பாங்கன்பர்க் அவரிடம் ஒரு கேள்வி கேட்டார். இயேசுவை அறிவீர்களா என்பதுதான் கேள்வி. அவர் உலக ரட்சகர் என்று வெஸ்லி சொன்னார். உலகத்துக்கு சரி, உங்களை அவர் ரட்சித்தது உங்களுக்குத் தெரியுமா என்று மறுபடியும் கேட்டார் ஸ்பாங்கன்பர்க். வெஸ்லி ஏதோ பதில் சொல்லி சமாளித்தார். அந்தப் பதில் வெறும் வார்த்தை என்று பிறகு தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தார்.

ஜார்ஜியாவில் எல்லாமே தோல்வியில் முடிந்தது. அவர் விரும்பிய பெண் வேறு ஒருவரை மணந்தார். பிறகு அந்தப் பெண்ணுக்கு நற்கருணை கொடுக்க வெஸ்லி மறுத்தார். விஷயம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1737-ம் ஆண்டு டிசம்பரில் அவர் இரவோடு இரவாகப் புறப்பட்டு நாடு திரும்பினார்.

1738 மே 24

லண்டனில் பீட்டர் போலர் என்ற மொரேவிய இளைஞரை சந்தித்தார். அவருக்கு வயது 25. வெஸ்லிக்கு 34. ஆனாலும் வெஸ்லி மாணவனைப் போல அவர் முன் உட்கார்ந்தார்.

உண்மையான விசுவாசம் ஒருவருக்கு வந்தால், பாவ மன்னிப்பின் நிச்சயமும், பாவத்தை வெல்லும் வலிமையும் கூடவே வரும் என்று போலர் சொன்னார். அப்படியானால் தனக்கு விசுவாசமே இல்லை, இனி பிரசங்கம் செய்வதை நிறுத்திவிடலாம் என்று வெஸ்லி நினைத்தார். நிறுத்த வேண்டாம், விசுவாசம் வரும் வரை அதைப் பற்றியே பிரசங்கம் செய்யுங்கள் என்பது போலரின் யோசனை.

1738-ம் ஆண்டு மே 24-ந்தேதி மாலை, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு சிறிய கூட்டத்துக்கு வெஸ்லி விருப்பம் இல்லாமலே போனார். ரோமர் நிருபத்துக்கு மார்ட்டின் லூதர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். மணி ஒன்பது அடிக்க சுமார் கால் மணி நேரம் இருந்தது. அப்போது தன் உள்ளம் இதுவரை அறியாத விதத்தில் அனல்கொண்டதாகவும், தன் பாவங்கள் நீக்கப்பட்டன என்ற நிச்சயம் பிறந்ததாகவும் வெஸ்லி எழுதியிருக்கிறார். மூன்று நாட்களுக்கு முன்புதான் தம்பி சார்லசுக்கும் அதே அனுபவம் ஏற்பட்டிருந்தது.

பல புத்தகங்கள் வெஸ்லியின் தேடலை இந்த இடத்தோடு முடித்துவிடுகின்றன. உண்மையில் அது இங்கே முடியவில்லை.

அன்று இரவே பழைய சோதனைகள் திரும்பி வந்தன. நிச்சயம் வந்தால் சந்தேகம், பயம், பாவம் எல்லாம் ஒரேயடியாக ஒழியும் என்று போலர் சொன்னதை அவர் நம்பியிருந்தார். அப்படி நடக்கவில்லை. 1739-ம் ஆண்டு ஜனவரி 4-ந்தேதி, தான் இப்போதும் கிறிஸ்தவன் அல்ல என்று நாட்குறிப்பில் எழுதினார். அவருடைய அனல் அனுபவத்துக்கு அப்போது ஏழரை மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

சுரங்கத் தொழிலாளர்கள் நடுவே

மனதில் இந்தப் போராட்டம் நடந்த அதே காலத்தில்தான் அவருடைய பெரும் பணி தொடங்கியது.

பிரிஸ்டல் நகரத்துக்கு அருகே கிங்ஸ்வுட் என்ற நிலக்கரி சுரங்கப் பகுதி. அங்குள்ள தொழிலாளர்களை ஆலயங்கள் சீந்தவில்லை. வெஸ்லியின் நண்பர் ஜார்ஜ் ஒயிட்பீல்டு திறந்தவெளியில் நின்று அவர்களுக்குப் பிரசங்கம் செய்தார். பிறகு வெஸ்லியை அழைத்தார். ஆலயத்துக்கு வெளியே பிரசங்கம் செய்வது வெஸ்லிக்கு வெட்கமாக இருந்தது. இருந்தாலும் 1739-ம் ஆண்டு ஏப்ரல் 2-ந்தேதி பிரிஸ்டலில் வெட்டவெளியில் நின்று பேசினார். சுமார் 3 ஆயிரம் பேர் கேட்டார்கள்.

அதன்பின் அவர் நிற்கவே இல்லை. விடியற்காலை 4 மணிக்கு எழுந்துவிடுவார். தொழிலாளர்கள் வேலைக்குப் போகும் முன் கேட்கட்டும் என்று 5 மணிக்கே பிரசங்கம் செய்வார். வாழ்நாளில் அவர் சுமார் 2½ லட்சம் மைல் பயணம் செய்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

1742-ல் பிரிஸ்டலில் கூட்டம் நடத்தும் கட்டிடத்தின் மீது கடன் இருந்தது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். கொடுக்க முடியாதவர் பங்கை, வசூல் செய்பவரே போட்டுவிட வேண்டும். சுமார் 12 பேருக்கு ஒரு தலைவர் நியமிக்கப்பட்டார். பணம் வாங்க வீடு வீடாகப் போன தலைவர்கள் அந்த வீடுகளின் சுகதுக்கங்களையும் அறிந்தார்கள். குடிப்பவர் யார், சண்டை போடுபவர் யார், பட்டினி கிடப்பவர் யார் என்பது தெரிந்தது. கடனுக்காகத் தொடங்கிய ஏற்பாடு, ஒருவரை ஒருவர் தாங்கும் குழுவாக மாறியது.

இன்னும் சிறிய குழுக்களில், கடந்த வாரம் என்ன பாவம் செய்தோம் என்பதை ஒவ்வொருவரும் மறைக்காமல் சொல்ல வேண்டும். விசுவாசிகள் தவறுவார்கள் என்பதை அறிந்தே வகுத்த விதி அது.

வெஸ்லி 1746-ல் லண்டனில் ஏழைகளுக்கு இலவச மருந்து கொடுக்கும் நிலையம் தொடங்கினார். சிறு தொழில் செய்பவர்களுக்குக் கடன் கொடுக்க ஒரு நிதியும் ஏற்படுத்தினார்.

நண்பர்கள் பிரிந்தனர்

இதற்கிடையே வாதம் முற்றியது.

லண்டனில் மொரேவியர்களில் சிலர், மனதில் துளி சந்தேகம் உள்ளவருக்கும் விசுவாசமே கிடையாது என்றார்கள். அப்படிப்பட்டவர் நற்கருணைக்கு வராமல், ஜெபிக்காமல், சும்மா காத்திருக்க வேண்டும் என்றார்கள். இதைக் கேட்டுப் பல எளிய மக்கள் கலங்கினார்கள். வெஸ்லிக்கு இது பொறுக்கவில்லை. பலவீனமான விசுவாசமும் விசுவாசமே, நோயாளிக்குத்தான் மருந்து தேவை என்பது அவர் கட்சி. 1740-ம் ஆண்டு ஜூலையில் அவர்களை விட்டுப் பிரிந்தார்.

அடுத்து ஒயிட்பீல்டுடன் தகராறு வந்தது. யார் யாருக்கு ரட்சிப்பு என்பதைக் கடவுள் ஆதியிலேயே குறித்துவிட்டார் என்று ஒயிட்பீல்டு நம்பினார். அப்படிக் குறிக்கப்பட்டவர் இடறலாம், முடிவில் கெட்டுப்போக மாட்டார் என்றார். வெஸ்லியோ, கிருபை எல்லோருக்கும் உண்டு, பெற்றவர் அலட்சியத்தால் அதை இழக்கவும் கூடும் என்றார்.

வெஸ்லியின் போதனை, விசுவாசியின் ஆறுதலைப் பறித்துவிடும் என்று ஒயிட்பீல்டு பயந்தார். ஒயிட்பீல்டின் போதனை, மனிதனை சோம்பேறி ஆக்கிவிடும் என்று வெஸ்லி பயந்தார். இருவரும் அச்சில் மோதிக்கொண்டார்கள். 1741-ல் இயக்கம் இரண்டாகப் பிரிந்தது.

பாவம் இல்லாத மனிதரா?

ஒயிட்பீல்டுக்குப் பிடிக்காத இன்னொரு போதனையும் வெஸ்லியிடம் இருந்தது. கடவுளிடமும் மனிதரிடமும் முழு அன்பு நிறைந்து, வேண்டுமென்று பாவம் செய்யாத நிலையை இந்த உலகத்திலேயே விசுவாசி அடையலாம் என்று வெஸ்லி சொன்னார். இதற்குக் கிறிஸ்தவ பூரணம் என்று பெயர்.

பாவம் என்ற சொல்லுக்கு அவர் எல்லை வகுத்தார். தவறு என்று தெரிந்தே, மனதார செய்வதுதான் பாவம். அறியாமையால் வரும் பிழை, மறதி, தவறான கணிப்பு ஆகியவை பூரணம் அடைந்தவரிடமும் இருக்கும். அவற்றுக்கும் கிறிஸ்துவின் மன்னிப்பு தேவை என்றார்.

இந்த எல்லையை எல்லோரும் புரிந்துகொள்ளவில்லை. 1760-க்குப் பிறகு லண்டனில் பலர் தாங்கள் பூரணம் அடைந்துவிட்டதாக சொல்லத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர் ஜார்ஜ் பெல். ராணுவத்தில் இருந்தவர். தன்னால் இனிப் பாவம் செய்யவே முடியாது என்கிற அளவுக்குப் போனார். 1763-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந்தேதி உலகம் அழியும் என்றும் நாள் குறித்தார்.

லண்டன் நகரமே பரபரப்பு அடைந்தது. சிலர் படுக்கப் பயந்தார்கள். சிலர் வயல்வெளிக்குப் போய் இரவைக் கழித்தார்கள். பெல் முதல் நாளே கைது செய்யப்பட்டார். குறிப்பிட்ட அன்று மாலை வெஸ்லி, உலகம் அழியும் என்பது பொய் என்று பிரசங்கம் செய்தார். வழக்கமான நேரத்தில் படுத்து, 10 மணிக்கெல்லாம் தூங்கிவிட்டார்.

உலகம் அழியவில்லை. வெஸ்லியின் சங்கம்தான் சேதப்பட்டது. நூற்றுக்கணக்கானவர்கள் விலகினார்கள். அவருடைய நீண்டகால உதவியாளர் தாமஸ் மேக்ஸ்பீல்டும் பிரிந்துபோனார்.

அதே ஆண்டு வெஸ்லி, விசுவாசிகளிடம் உள்ள பாவத்தைப் பற்றித் தனிப் பிரசங்கம் ஒன்றை வெளியிட்டார். மன்னிப்பு பெற்றவரிடம் பாவத்தின் ஆட்சி ஒழிகிறது. ஆனால் அதன் வேர் உடனே அற்றுப்போவது இல்லை. பெருமை, கோபம், பிடிவாதம் உள்ளே கிடக்கும். அவை இருப்பதாலேயே நான் கடவுளின் பிள்ளை அல்ல என்று ஒருவர் மனம் உடைய வேண்டியது இல்லை. அவை இல்லை என்று ஏமாறவும் கூடாது. தினமும் போராட வேண்டும். அந்தப் பிரசங்கத்தின் சாரம் இதுதான்.

தன்னைப் பற்றி சொன்னது

பூரணத்தைப் போதித்த வெஸ்லி, தான் அதை அடைந்ததாக ஒருபோதும் பறைசாற்றவில்லை. 1767-ல் ஒரு பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில், தான் வர்ணிக்கும் நிலையைத் தான் எட்டவில்லை என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார்.

அதற்கு முந்தைய ஆண்டு தம்பி சார்லசுக்கு எழுதிய கடிதம் இன்னும் அதிர்ச்சியானது. கடவுளிடம் தனக்கு அன்பு இல்லை, இருந்ததும் இல்லை என்று அதில் எழுதினார். சில வரிகளை மற்றவர்கள் படிக்காதபடி சுருக்கெழுத்தில் மறைத்தார். அப்போது அவருக்கு வயது சுமார் 63. ஆயினும் பணியை விட முடியவில்லை என்றும் அதே கடிதத்தில் சொல்லியிருக்கிறார்.

வயது ஏற ஏற அவர் கண்டிப்பு தளர்ந்தது. 1738-ல் தான் கிறிஸ்தவனே அல்ல என்று எழுதிய பழைய வரிகளின் கீழ், இது அவ்வளவு உறுதி இல்லை என்ற பொருளில் குறிப்பு சேர்த்தார். அப்போதும் தனக்கு ஒரு விசுவாசம் இருந்தது, அது பிள்ளையின் விசுவாசம் அல்ல, வேலைக்காரனின் விசுவாசம் என்று விளக்கினார். நிச்சயம் என்பது விசுவாசிக்குக் கிடைக்கக்கூடிய பாக்கியம், அது இல்லாதவர் நரகத்துக்குத்தான் போவார் என்று சொல்லக்கூடாது என்ற முடிவுக்கு வந்தார்.

பிரிந்த நண்பர் ஒயிட்பீல்டுடன் உறவு திரும்பியது. கொள்கை மாறவில்லை. 1770-ல் ஒயிட்பீல்டு அமெரிக்காவில் இறந்தார். அவர் விருப்பப்படியே லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லிதான்.

ஆறு ஏழைகள்

1791-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந்தேதி, அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் போராடிய வில்பர்போர்சுக்கு வெஸ்லி உற்சாகக் கடிதம் எழுதினார். அதுவே அவருடைய கடைசிக் கடிதம் என்று கருதப்படுகிறது. மார்ச் 2-ந்தேதி லண்டனில் காலமானார். வயது 87. கடவுள் நம்மோடு இருக்கிறார், அதுவே எல்லாவற்றிலும் மேலானது என்று கடைசி நேரத்தில் சொன்னதாக உடன் இருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

தன் சவப்பெட்டியை ஆறு ஏழைகள் சுமக்க வேண்டும், அவர்களுக்கு ஆளுக்கு ஒரு பவுன் தர வேண்டும் என்று உயில் எழுதியிருந்தார். அப்படியே நடந்தது.

அவருடைய சீடர்கள் 1814-ல் இலங்கைக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவரான ஜேம்ஸ் லிஞ்ச் 1817-ல் சென்னைக்கு வந்து பணி தொடங்கினார். தென்னிந்தியாவில் அந்தப் பணியில் உருவான மெதடிஸ்ட் சபை, 1947-ல் மற்ற சபைகளோடு சேர்ந்து தென்னிந்திய திருச்சபை ஆயிற்று. சென்னை ராயப்பேட்டையில் வெஸ்லி பெயரில் ஆலயம் இருக்கிறது.

தரங்கம்பாடியில் இருந்து எப்வொர்த் வீட்டுக்குப் போன செய்தி, 105 ஆண்டுகளுக்குப் பிறகு இப்படித் தமிழ்நாட்டுக்கே திரும்பி வந்தது.